மோவாயில் நின்ற கத்தி

என் கடை பரவை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் பிளேடு மாற்றுகிற கத்திதான். சாமிக்கண்ணு அண்ணனுக்கு மட்டும் தீட்டிப் போடுகிற பழைய சவரக் கத்தி. பிளேடு பட்டால் அவருக்குத் தாடையெல்லாம் கொப்புளம் கிளம்பிவிடும். நாடகத்தில் பெண் வேஷம் கட்டுகிறவருக்கு அது ஆகுமா? அதனால் அவருக்கென்றே ஒரு கத்தி. வேறு முகம் அது பார்த்ததில்லை.

ஒருநாள் காலையில் போன் போட்டார்.

"மாப்ள, இன்னைக்கு எழுமலைத் திருவிழாவுல நான்தான் வள்ளி. வேஷம் கட்டுற பொண்ணுக்குக் காய்ச்சலாம். மூணு வருசமாச் சும்மா கெடந்தேன்டா. இன்னைக்கு நல்லா வந்தா இந்த சீசன் பூரா நீயேன்னுட்டாரு நாடகச் செட்டுக்காரரு. ஒரு மணிக்கு வாரேன், கத்தியத் தீட்டி வையி."

கல்லை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடையில் ஆள் இல்லை. கத்தி கல்லோடு படுத்தபடி போவதும் புரண்டு வருவதுமாக ஸ்ஸ்... ஸ்ஸ்... என்றது. கல்லின் மேல் தண்ணீர் பாலாகக் கலங்கியது. இருபது இழுப்பு என்று எண்ணத் தொடங்கியவன், எந்த எண்ணில் விட்டேனோ தெரியாது. என்னிடம் சவரம் செய்துகொண்ட முகங்களெல்லாம் நுரை பூசியபடி அந்தத் தண்ணீருக்குள் ஒவ்வொன்றாக வந்து போயின. கை மட்டும் போய்வந்துகொண்டே இருந்தது.

நினைவு திரும்பியதும் கத்தியை முன்கையில் வைத்துப் பார்த்தேன். தொட்டவுடன் ரோமம் உதிர்ந்தது. அடேயப்பா, என்ன கூர்! தோல் வாரில் நாலு இழுப்பு இழுத்து வைத்துவிட்டேன்.

அண்ணன் வந்தார். வலது கன்னத்தில் கத்தி வெண்ணெயில் போவது மாதிரி இறங்கியது. மோவாய்க்கு வந்ததும் கத்தி முடியைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர்.

"ஏண்டா, செரைக்கிறியா, களை பிடுங்குறியா?"

கத்தியைத் துடைத்து, கட்டைவிரல் சதையை அதன் கூர்வாய்க்குக் குறுக்கே லேசாக வெளிப்பக்கம் தள்ளிப் பார்த்தேன். ஒரு பக்கம் வழுக்கியது. மறுபக்கம் சொரசொர. பிசிறு! எண்ணாமல் தேய்த்ததில் வாயோரம் இரும்பு மெல்லிசாகச் சுருண்டு நின்றது. முன்கையின் பூனை முடியைப் பிசிறே வெட்டிவிடும். மோவாய் முடியிடம் மடங்கிப்போகும்.

"அண்ணே, தப்பு என்னோடது. கல்லுல நெனப்பில்லாமத் தேச்சுட்டேன். மறுபடி தீட்டணும். கால் மணி நேரம் குடுங்க."

"ரெண்டரைக்கு ஆரப்பாளையத்துல பஸ்ஸுடா. பாதி வள்ளி, பாதி வேடனா உக்காந்துருக்கேன். பிளேடப் போட்டு முடி."

"பிளேடு போட்டா பொழுது சாயக் கொப்புளம் வந்துரும். அதுமேல அரிதாரம் பூசுவீகளா?"

மழித்த கன்னத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி, தீட்டு. அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போகாதும்பாக" என்றார்.

இந்தத் தடவை அழுத்தவே இல்லை. கத்தியின் கனம் மட்டும் கல்லில் பட, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அண்ணன் நுரை காய்ந்த முகத்தோடு கண்ணை மூடி, பெண் குரலில் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். அந்தக் குரலும் ஆளை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. விடாமல் வாய்விட்டு எண்ணினேன். ஐந்துக்கு ஒருமுறை கட்டைவிரலால் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஆனதும் வாரில் முப்பது இழுப்பு.

மறுபடி நுரை போட்டேன். இடது கன்னத்திலும் மோவாயிலும் கத்தி இறங்கியது. மேலுதட்டிலும் இறங்கியது. கத்தி போனதே தெரியவில்லை.

அண்ணன் பையிலிருந்து வேஷத்துப் பட்டுச்சேலையை எடுத்து, முந்தானையைத் தாடையில் மேலிருந்து கீழாக இழுத்தார். கீழிருந்து மேலாகவும் இழுத்தார். "ஒரு நூலுகூடச் சிக்கலடா" என்றார். கண்ணாடியைப் பார்த்துத் தலையை லேசாகச் சாய்த்துச் சிரித்தார். அங்கே சிரித்தது வள்ளிதான். அடுத்த நிமிஷம் வேட்டியை மடித்துக்கட்டி பஸ்ஸுக்கு ஓடினார்.

இப்போது முன்கையை நம்புவதில்லை. அது நமக்கு வேண்டிய ஆள் மாதிரி, எதைக் காட்டினாலும் நல்லா இருக்கு என்றுதான் சொல்லும். கத்தி வாயின் இரண்டு பக்கத்தையும் விரலால் கேட்ட பிறகுதான் அடுத்தவர் முகத்துக்குப் போகிறேன்.

மறுநாள் அண்ணன் போன் போட்டார். "மாப்ள, புதன்கிழமை பேரையூருலயும் நான்தான் வள்ளி. பன்னெண்டு மணிக்கே வந்துருவேன். நீ கல்லுல தூங்குறியா முழிச்சிருக்கியான்னு பக்கத்துலயே உக்காந்து பாக்கணும்."