வால் சொன்ன பொய்

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் வாலக்கா குளிர்பெட்டியைத் திறப்பார். மூன்றாம் தட்டில் கையை விட்டு, பின்வரிசைப் புட்டி ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடுவார். அது ராசியான புட்டி, தொட்டால் சோதனை பலிக்கும் என்று மாடி முழுக்கப் பேச்சு. முனைவர்கள் இருவர் திருட்டுத்தனமாகத் தொட்டும் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

பேச்சின் வேரைத் தேடிப் போனால் அது அக்காவின் தொழிலில் போய் நிற்கிறது. மருந்துக்காக உருவாக்கும் மூலக்கூறுகளுக்கு டி.என்.ஏ. வால் கட்டுவது அவர் வேலை. சோதனைப் பலகையின் ஒவ்வொரு குழியிலும் மூலக்கூறோடு ஒரு வேதித் துண்டைச் சேர்த்து, அந்தத் துண்டுக்கு உரிய வாலையும் கட்டிவிடுவார். பிறகு லட்சக்கணக்கில் கலந்து, நோய்ப் புரதத்தின் மேல் ஊற்றிக் கழுவுவார்கள். கழுவியும் போகாமல் ஒட்டி நிற்பது யாரென்று வால் சொல்லிவிடும். "மூட்டையில சீட்டு ஒட்டுற மாதிரிதான். மூட்டையைப் பிரிக்கவே வேணாம், சீட்டைப் படிச்சா போதும்" என்பார். குழிகளை உதட்டசைத்து எண்ணுவார். நடுவே யாராவது வணக்கம் சொன்னால் மறுபடி ஒன்றிலிருந்து.

ஆறு வருடங்களுக்கு முன் ஒன்று அருமையாக ஒட்டியது. அதன் வால் சொன்ன மூலக்கூறை, வேதியியல் பிரிவிலிருந்த தம்பி ஒருவன் பதினொரு மாதம் செய்து செய்து பார்த்தான். ஒட்டவே இல்லை. கைராசி இல்லாதவன் என்பதை மேலிடம் கண்ணியமான மொழியில் எழுதிக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டது. திட்டத்தையும் மூடியது.

அடுத்த வாரம் குளிர்பெட்டியை ஒழித்தபோதுதான் அந்தப் புட்டி அக்காவின் கையில் அகப்பட்டது. சேர்த்திருக்க வேண்டிய துண்டு அதற்குள் அப்படியே இருந்தது, சீல்கூட உடையவில்லை. அந்தக் குழியை நிரப்பும்போது அக்காவின் மகள் போனில் அழுதுகொண்டிருந்தாள். துண்டைப் போடாமல் வாலை மட்டும் கட்டியிருக்கிறார் அக்கா. ஒட்டியது துண்டில்லாத அந்தக் குறை மூலக்கூறு. அதை இன்றுவரை யாரும் செய்து பார்க்கவில்லை. சொல்லிவிடலாம் என்று அவரும் ஆறு வருடமாக நல்ல நேரம் பார்க்கிறார்.

தம்பி இப்போது ஆய்வகங்களுக்குக் கையுறை விற்கிறான். போன வாரம் வந்தவன், பெட்டியை இறக்கிக்கொண்டே சொன்னான்: "தூக்கத்துலகூட அதைத்தான் செஞ்சு பாக்குறேன்க்கா. எங்க கோட்டை விட்டேன்னே தெரியல."

அக்கா வாயைத் திறந்தார். "மீடியம் சைஸ் இருக்கா தம்பி?" என்றுதான் வந்தது.

மிச்சப் பெட்டிகளை அவன் கையிலிருந்து பிடுங்கி, முழங்கால் வலியோடு லிஃப்ட் வரை தானே சுமந்தார். "விடுங்கக்கா, கனம்" என்றது காதில் விழவில்லை. தம்பி உள்ளே போய் நின்றான். கதவு மூடிவிடாதபடி பொத்தானை அழுத்திக்கொண்டு அக்கா வெளியே நின்றார். அவனும் காத்துக்கொண்டிருந்தான்.