காப்புக் கட்டிய கை

அக்காவின் இந்த நினைவு மலரைப் பிரித்துப் படிக்கும் சொந்தங்களுக்கும் அக்காவிடம் ஆடக் கற்ற பிள்ளைகளுக்கும் வணக்கம். நான் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேச வராது. அக்கா அமைத்த ஆட்டங்களைப் பற்றிப் படித்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். அவர் மேடையில் போட்ட கயிறு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வீட்டில் நான்தான் மிச்சம்.

மலாயாவில் ரெம்பாவுக்கும் தம்பினுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அக்கா பிறந்தார். அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். மாசி மாதம் காமன் கூத்தில் ரதி வேஷம் அவருக்குத்தான். ரதிக்குக் கையில் காப்புக் கட்டிவிட்டால், காமனை எரித்து முடிக்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது.

ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட அக்கம்பக்கத் தோட்டங்களில் ஆள் பிடித்தார்கள். எங்களுக்கும் பயந்தான். ஆனாலும் கூத்தை விடக்கூடாது என்று பெரியவர்கள் முறையாக ஆபீசுக்குப் போய் அனுமதி கேட்டார்கள். அங்கே கணக்கு எழுதும் கிராணி உடனே சரி என்றாராம். ஆம்பளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கும் நாளை நாமே சொல்லிவிட்டோம் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

பகலில் வேஷம் கட்டிக்கொண்டிருந்தபோது லோரி சத்தம் கேட்டது. எல்லாரும் பின்பக்கமாக ஓடி, தோட்டத்து எல்லையான ஓடையைத் தாண்டி, மலாய்க்காரர் கிராமமான கம்பத்துக்குள் மறைந்தார்கள். அது அகலமான ஓடை இல்லை. சின்னப்பிள்ளை நானே தாண்டினேன். அக்காவும் தாண்டினார். அப்பா மட்டும் பாதி முகத்தில் அரிதாரத்தோடு அந்தக் கரையிலேயே நின்றுவிட்டார்.

“தாண்டுங்கப்பா. ஒரே எட்டுதான்.”

“காப்பு இருக்கும்மா.”

அக்கா திரும்ப அந்தப் பக்கம் போய், பின்னாலேயே வந்த அம்மாவின் இடுப்பில் செருகியிருந்த பால்வெட்டுக் கத்தியை உருவினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அறுக்காதடி. குடும்பத்துக்கு ஆகாது.” அப்பாவும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அவரை ரதியின் சேலையோடேயே ஏற்றினார்கள். லோரி எல்லையைத் தாண்டித்தான் போனது. அப்பா திரும்பி வரவில்லை. அந்த வருஷம் காமனை எரிக்க ஆளில்லை. முறைப்படி பார்த்தால் அப்பாவின் காப்பு இன்னும் அவிழவில்லை.

மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிழைத்தோம். சண்டை முடிந்ததும் அக்கா சிரம்பானில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனார். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பரதம் சொல்லித்தர வந்த ஆசிரியர், இவர் தரை துடைத்தபடியே கால் வைப்பதைப் பார்த்து இவருக்கும் கற்றுக்கொடுத்தார். பரதத்துக்குள் அப்பாவின் ரதி நடையைக் கலந்ததும் அவரே கோபித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். பிறகு அக்கா தனியாகத்தான் ஆட்டம் அமைத்தார். மேடையில் ஒரு வெள்ளைக் கயிறு. ஆடுகிறவர் அதன் ஓரம்வரை வருவார், பாதத்தைத் தூக்குவார், அதே இடத்தில் வைப்பார். கடைசியில் தாண்டவிட்டால் கைதட்டு கிடைக்கும் என்று பலர் சொன்னார்கள்.

“எங்கப்பா தாண்டலையே லா. நான் எப்படித் தாண்ட விடுறது?” என்பார்.

பிறகு வீடு கட்டத் தோட்டங்களை விற்று, சனங்களை வெளியேறச் சொன்ன காலத்தில், அதே கயிற்றை எடுத்துக்கொண்டு தோட்டத்து வாசலுக்குப் போனார். பால்மரம் வெட்டிய பெண்களையே ஆட வைத்தார். இப்போது போகமாட்டோம் என்று சொல்லவும் அந்தக் கயிறுதான் உதவியது. அன்றைக்கும் லோரி வந்தது, போலீஸ் லோரி. அக்காவைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. சிலருக்குத்தான் மாற்று வீடு கிடைத்தது. அந்தக் குறை கடைசிவரை அவருக்கு இருந்தது.

அன்று எங்களை ஒளித்துவைத்த கம்பத்துக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் அக்காவின் பாடையோடு சுடுகாடுவரை வந்தார்கள். அவர்களுக்கும், சமைத்துப் போட்ட அண்டை வீட்டாருக்கும், அழுதுகொண்டே சலங்கையைக் கழற்றிவைத்த மாணவிகளுக்கும் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் அக்காவின் மணிக்கட்டில் பேர் எழுதிய பட்டை ஒன்று கட்டியிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“இதை அறுத்துடு தங்கச்சி.”

“வேணாங்கா. ஏசுவாங்க.”

“அம்மா மாதிரியே பேசுற.”

தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அறுத்தேன். அக்கா போர்வைக்குள் ஒரு காலைத் தூக்கி, சற்றுத் தள்ளி வைத்தார். நான் அறுத்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்ட அந்தத் தாதிக்கு என் நன்றி.