மாடிக்கு ஏறிய கம்பியூட்டர்

கம்பியூட்டரை மாடிக்கு ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள். மூன்று பெட்டிகள்: திரைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, எழுத்துப் பலகைக்கும் வயர்களுக்கும் ஒன்று. திரை இருந்த பெட்டி படிக்கட்டில் பாதியில் சிக்கிக்கொண்டது. கீழே துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் ‘நானா’, தன் கெஜக்கோலோடு வந்து, படிக்கட்டையும் பெட்டியையும் அளந்து பார்த்தார். பெட்டி மூன்று அங்குலம் அகலம் கூட. அட்டையைப் பிரித்துத் திரையை மட்டும் தூக்கிப் போங்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அளவெடுக்க வந்த வாடிக்கையாளரிடம் திரும்பிப் போனார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பதுளை பஜாரில், நானாவின் கடைக்கு மேலே, என் அக்கா தட்டச்சு வகுப்பு நடத்திவந்தார். ஒன்பது இயந்திரங்கள்: ஐந்து ஆங்கிலம், மூன்று தமிழ், ஒன்று சிங்களம். நான் கொழும்பில் வெளிவந்த தமிழ் நாளிதழ் ஒன்றின் பதுளை நிருபர். செய்திகளை அக்காவின் தமிழ் இயந்திரம் ஒன்றில்தான் அடிப்பேன், பிள்ளைகள் இல்லாத நேரத்தில்.

அக்கா அதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் தட்டச்சராக இருந்தவர். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் பெரிய கிளாக்கரிடம் சொல்லிவிட்டு எழுந்த ஒன்பது வருடம். அதை விட்டு வந்து சொந்தமாக வகுப்பு தொடங்கியபோது அவர் சுவரில் மாட்டிய முதல் பொருள் ஒரு கடிகாரம். இனிமேல் என் நேரத்தை நான்தான் பார்ப்பேன் என்றார்.

நாற்பது பேர் படித்த வகுப்பில், அந்த ஆண்டு இருபத்திரண்டு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். காரணம், பஸ் நிலையத்தருகே புதிதாகத் தொங்கிய ஒரு பலகை: ‘கம்பியூட்டர் வகுப்பு’. அங்கே செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். கம்பியூட்டர் ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும். வாரத்தில் ஒருநாள் சீலையை விலக்கிக் காட்டுவார்கள். மற்ற நாட்களில், அட்டையில் வரைந்த எழுத்துகளின் மேல் விரல் பழக வேண்டும். அதற்கும் ஆட்கள் போனார்கள். இன்னும் ஏழெட்டுப் பேர் போய்விட்டால் மாடியைக் காலி செய்துவிட்டு அக்கா மறுபடி தோட்டத்து ஆபீசில் போய் உட்கார வேண்டியதுதான். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் பிள்ளைகள் வரும் நேரத்தில் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

இந்த நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை கொழும்புக் கம்பியூட்டர் விற்பனையாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். மெலிந்த இளைஞர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மொனராகலைப் பக்கத்து அபிவிருத்தித் திட்ட அலுவலகம் ஒன்றுக்காக வரவழைத்த கம்பியூட்டரை ஜீப்பில் திருப்பிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். பொறியியலாளர்கள் வரைபடம் போடுகிற ரகம். அந்நாளில் அதற்கு மேல் ரகம் இல்லை என்றார். திட்டம் சுருங்கிவிட்டதால் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். அந்தப் பாதிக்கே எங்கள் ஒன்பது இயந்திரங்களையும் விற்க வேண்டும். அக்காவின் வளையல்களும் போக வேண்டும். ஜீப் திங்கட்கிழமை காலை புறப்படும், அதுவரை இயந்திரம் உங்கள் மாடியிலேயே இருக்கட்டும், பழகிப் பாருங்கள் என்றார்.

நான் வாங்கவேண்டும் என்ற கட்சி. பஸ் நிலையத்துக்காரர்களுடையது இதன் முன்னால் ஒரு கணக்குப் பொறி மாதிரி இருக்கும். மாடியில் மேசைமேல் அதைப் பொருத்தி முடித்ததும் அக்கா கீழே போய்த் தேங்காய் வாங்கி வந்தார். திரையின் நெற்றியில் சந்தனம் வைத்து, குங்குமப் பொட்டு இட்டு, சாம்பிராணி காட்டி, படிக்கட்டின் அடியில் தேங்காயை உடைத்தார். நான் அதைப் பார்த்தேன். விஷயம் முடிந்தது, அக்கா வாங்கிவிடுவார் என்று முடிவு கட்டினேன்.

இங்கே எங்கள் தொழில் முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். பதுளையிலிருந்து செய்தி காலை ரயிலில் போகும். கொழும்பில் அச்சேறி, பத்திரிகையாக இங்கே திரும்பி வர மூன்றாம் நாள் ஆகிவிடும். அதனால் நடக்கப்போவதை நடந்ததாக எழுதி முன்கூட்டியே அனுப்பிவிடுவது மலையகத்து நிருபர்கள் எல்லோருக்கும் வழக்கம். தேர்த் திருவிழா, பரிசளிப்பு விழா, தொழிற்சங்கக் கூட்டம் எல்லாம் அப்படித்தான். தேர் எப்படியும் ஓடும், தலைவர் எப்படியும் பேசுவார். ஒருமுறை, மழையில் ஒத்திவைக்கப்பட்ட தேரை நான் வீதிவலம் வரச் செய்திருக்கிறேன். தோட்டத்தில் யாரும் கோபிக்கவில்லை. அடுத்த வாரம் தேர் ஓடியபோது வெட்டி வைத்திருந்த செய்தியை எடுத்து வாசித்துச் சரிபார்த்தார்கள்.

சனிக்கிழமை காலை ரயிலில் என் உறை போனது. ஒன்பது வரி. ஊவா மாகாணத்திலேயே மிகப் பெரிய கம்பியூட்டர் நேற்று ஞாயிறன்று பதுளையில் இயக்கி வைக்கப்பட்டது. நகர வர்த்தகர் ஒருவர் மங்கல விளக்கேற்றினார். தோட்டத்துப் பிள்ளைகள் திரளாகப் பயிற்சி பெறுகிறார்கள். வர்த்தகர் என்றது நானாவைத்தான். அவரிடம் சொல்ல ஞாயிறு வரை நேரம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பன்னிரண்டு பிள்ளைகளை வரச் சொல்லியிருந்தார். நானாவும் கடைக்கு மேல் என்ன நடக்கிறதென்று பார்க்க வந்தார். விற்பனையாளர் திரையில் ஒரு வீட்டை வரைந்தார். கோடு கோடாக எழும்பிய வீட்டை விசையொன்றை அழுத்தித் திருப்பினார். பின்பக்கம் தெரிந்தது. பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள்.

நானா கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். “குசினி எங்க தம்பி?”

இது மாதிரி வீடு, சும்மா காட்டுவதற்கு என்றார் விற்பனையாளர்.

“காட்டுற ஊட்டுலயும் ஆக்கித் தின்னணுமே” என்றார் நானா.

அடுத்து அக்கா உட்கார்ந்தார். எழுத்துப் பலகையை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோட்டத்து ஆபீசில் மனப்பாடமாகிப்போன ஓர் ஆங்கிலக் கடிதத்தைப் பலகையைப் பார்க்காமலே அடித்து முடித்தார். திரையில் ஒரு பிழையில்லை. அவருடைய முகத்தில் ஏதோ மாறியதைக் கவனித்தேன். ஆசை வந்துவிட்டது என்று எண்ணினேன். தமிழ் வருமா என்று கேட்டார். வரும், இன்னும் வரவில்லை என்றார் விற்பனையாளர்.

பிறகு அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்தார். ஒரு மணி நேரக் காரியம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. எங்கள் சந்தில் மிளகாய் அரைக்கும் மில் இருந்தது. அது ஓடத் தொடங்கும்போதெல்லாம் பஜாரில் பல்புகள் மங்கும். ஐந்தாவது பிள்ளை உட்கார்ந்ததும் மில் ஓடியது. திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. மறுபடி உயிர்ப்பிக்கக் கால் மணி நேரம். எட்டாவது பிள்ளைக்கும் அதே கதி. காத்திருந்தவர்கள் முதலில் நின்று பார்த்தார்கள், பிறகு பெஞ்சில் உட்கார்ந்தார்கள், பிறகு ஒருத்தி மற்றவளுக்குத் தலை பின்னிவிடத் தொடங்கினாள்.

பன்னிரண்டாவது பிள்ளை எழுந்ததும் அக்கா விற்பனையாளரிடம் சொன்னார்: “எனக்கு வேணாங்க தம்பி.”

அவர் விலையைப் பற்றிப் பேச வாயெடுத்தார். அக்கா கையமர்த்தினார்.

“மெஷின்ல ஒரு குத்தமும் இல்லங்க. ஒரு புள்ள உட்காந்தா பதினோரு புள்ள வேடிக்கை பாக்குது. வேடிக்கை பாத்த புள்ளைக்கு யாரு வேலை குடுப்பா?”

விற்பனையாளர் கெட்டிக்காரர், அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டுத் தேநீர் கேட்டார்.

அவர் கீழே இறங்கும்வரை காத்திருந்துவிட்டு, பொட்டு வைத்தீர்களே, தேங்காய் உடைத்தீர்களே என்று அக்காவிடம் கேட்டேன். வாசலுக்குள் வந்த பொருளுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி என்று திருப்பிக் கேட்டார். அப்போதுதான் நினைவு வந்தது: வெள்ளையடிக்க இரவல் வாங்கிய ஏணிக்கும் பொட்டு வைத்துத்தான் திருப்பிக் கொடுத்தவர் அவர். நாற்பது வருடம் கூடவே வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

செய்தி அனுப்பியதைச் சொன்னேன். ஒன்பது வரியையும் ஒப்பித்தேன். நானா குறுக்கிட்டார்.

“நான் எப்ப தம்பி வெளக்கேத்தின?”

இன்றைக்கு என்றேன். தான் இன்றைக்கு ஏற்றியது ஒரு சுருட்டு மட்டும்தான் என்றார். ஆனாலும் தன் கடைத் தொலைபேசியிலிருந்து கொழும்புக்கு அழைப்புப் பதிவு செய்து கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. உதவி ஆசிரியர் உற்சாகமாக இருந்தார். பக்கம் முடிந்துவிட்டது, நல்ல செய்தி, முதல் பக்கத்தில் போட்டிருக்கிறோம் என்றார். லைன் அறுந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை ஜீப் கம்பியூட்டரோடு புறப்பட்டது. அன்று மாலை ரயிலில் பத்திரிகை வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கே படிக்கட்டில் ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள்.

பசறையிலிருந்து, ஹாலிஎலையிலிருந்து, மடுல்சீமையிலிருந்து. பிள்ளைகளும் கூட்டி வந்தவர்களும். கம்பியூட்டர் உள்ள இடத்தில் செருப்போடு நுழையக்கூடாது என்ற செய்தி தோட்டங்கள் வரை போயிருந்ததால், எல்லோரும் கீழேயே செருப்பைக் கழற்றினார்கள். நானாவின் கடை வாசல் முழுவதும் செருப்பு. சேலை எடுக்க வந்த பெண்ணொருத்தி, உள்ளே ஏதோ விசேஷம் என்று நினைத்துத் தன் செருப்பையும் கழற்றிவிட்டு மாடிக்கே வந்துவிட்டாள். மடுல்சீமையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு தகப்பன், மகளுக்குப் படிப்பு தொடங்குவதற்காக வெற்றிலை, பழம், தேங்காயோடு தட்டு ஏந்தி நின்றார். மாடியில் எண்ணிப் பார்த்தேன். படிக்க வந்தவர்கள் பதினேழு பேர்.

நான் மெதுவாகப் பின்படியைப் பார்த்தேன். பின்படி கிடையாது.

அக்கா கூட்டத்தின் முன்னால் வந்து நின்றார். அவர் கை, மேசையிலிருந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருந்தது. இயந்திரம் பழுது, அடுத்த மாதம் வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் பதினேழு பேரும் பணம் கட்டியிருப்பார்கள். நானே அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேன்.

“பெரிய கம்பியூட்டர் வந்தது நெசம். நேத்துக் காலையில போயிருச்சு. நான்தான் வேணாம்னு அனுப்பிட்டேன். பேப்பர்ல தப்பா எழுதினது என் தம்பி. இந்தா நிக்கிறான், யாராச்சும் ஏசணும்னா ஏசிக்கிருங்க.”

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரும் ஏசவில்லை. ஒரு அம்மாள், இவ்வளவு பெரிய ஆளா இருந்துக்கிட்டு, என்று மட்டும் சொன்னார்.

மூன்று பேர் கீழே இறங்கினார்கள். மற்றவர்கள் தயங்கி நின்றார்கள். மடுல்சீமைத் தகப்பன், தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்: “அப்ப இங்க என்னங்க படிக்கலாம்?”

அக்கா ஓர் ஆங்கில இயந்திரத்தின் உறையை எடுத்தார்.

“அந்தப் பெரிய மெஷினுலயும் இதே எழுத்துதாங்க. இதே எடத்துல இருக்கு. ஞாயித்துக்கெழமை நான் பாக்காமலே அடிச்சேன். இதுல வெரல் பழகின புள்ள நாளைக்கு எந்தக் கம்பியூட்டர்லயும் உட்காரலாம். இங்க ஒவ்வொரு புள்ளைக்கும் தினம் ஒரு மெஷின் உண்டு. தொட்டுத்தான் பழகணும்.”

ஞாயிறன்று அவர் முகத்தில் நான் கண்டது ஆசையல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

தகப்பன் மகளைப் பார்த்தார். அவளுக்குப் பதினெட்டு வயதிருக்கும். அவள் நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்து, இதை அழுத்தலாமா என்று ஒரு விசையைக் காட்டினாள். அக்கா தலையசைத்தார். எழுத்து தாளில் போய் அடித்த சத்தத்துக்கு அவளே திடுக்கிட்டுச் சிரித்தாள். தகப்பன் தட்டை அக்காவிடம் நீட்டினார்.

அன்று பதின்மூன்று பேர் சேர்ந்தார்கள். இரண்டு பஸ் ஏறி வந்தாயிற்றே என்று சேர்ந்தவர்களும் அதில் உண்டு. அவர்களே அதைச் சொன்னார்கள். நாற்காலிகள் போதாமல் நானாவின் கடையிலிருந்து பெஞ்ச் வந்தது. அவருக்கு வாசலிலுள்ள செருப்புகள் உடனே அகல வேண்டும், அவ்வளவுதான். அக்கா நேர அட்டவணையைத் திருத்தி எழுத உட்கார்ந்தார். காலையில் ஒரு வகுப்பு கூடியது, மாலையில் ஒன்று. நான் செய்தி அடிப்பதற்கென்று இருந்த நேரம் அட்டவணையில் இல்லை. என் செய்திகளை அதற்குப் பிறகு கையெழுத்தில்தான் அனுப்பினேன்.