எட்டு மருத்துவச்சிகளும் என் கேள்வி-பதில் நோட்டும்

1. முதல் வகுப்பு

முதல் நாள் கரும்பலகையில் பெரிதாகக் 'கிருமி' என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டுத் திரும்பினேன். பாயில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேரில் ஒருவருக்கும் எழுத்து தெரியாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். பெயர்ப்பட்டியலில் எல்லார் பெயருக்கு நேரேயும் கைநாட்டுதான் இருந்தது. தெரிந்தும் எழுதினேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன் என்கிற திமிர். வயது இருபத்து மூன்று.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் என்னை நர்ஸாகப் போட்டிருந்தார்கள். ஊர் ஊராகப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளை வரவழைத்து டிரெய்னிங் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கடைசியில் டாக்டர் பரீட்சை வைப்பார். தேறியவர்களுக்குக் பிளேடு, நூல், சோப்பு, பஞ்சு எல்லாம் வைத்த ஓர் அலுமினியப் பெட்டி. தேறாதவர்கள் இனிமேல் பிரசவம் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்களுக்கு அந்தப் பெட்டிதான் வாழ்க்கை என்று சொல்ல வேண்டும். அது இல்லையென்றால் இனி ஊரில் அவர்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"இது இன்னா எழுத்து, நர்சம்மா?" என்று முன்வரிசையில் இருந்த சவரியம்மாள் கேட்டார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் ஜெபமாலை, குரல் கோயில் மணி.

"கிருமி."

"அது எங்க இருக்குது?"

"கையில, நகத்துல, துணியில, எல்லா எடத்துலயும். ஆனா கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாதத எப்படிம்மா பாத்து எழுதுன?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. சொல்லுக்குக் கீழே மூன்றாவது கோட்டையும் இழுத்தேன்.

2. மனப்பாடம்

நர்ஸ் படிப்பில் நான்தான் முதல் மார்க். எப்படி வாங்கினேன் என்றால், டீச்சர் சொன்ன நோட்ஸை வரி பிசகாமல் உருப்போட்டு வாங்கினேன். அதே வழியை இவர்களுக்கும் போட்டேன். கேள்வி-பதிலாக ஒரு நோட்டு எழுதி, நான் கேட்க, அவர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும். கை கழுவுவது, பிளேடை எடுப்பது, நூல் கட்டுவது எல்லாம் பேருக்கு ஒரு தடவை செய்து காட்டியதோடு சரி.

"பிளேடை எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும்?"

"இருபது நிமிஷம் தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும்!"

இதில் சவரியம்மாளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சின்ன வயதில் மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில் கேள்வி-பதில் சொல்லிப் பழகியவர். நான் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்து விழும், அதுவும் அச்சடித்த தமிழில். மற்றவர்கள் அவர் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள்.

ஒருத்தி மட்டும் வாயையே திறக்கவில்லை. தொண்டூர் முனியம்மாள். கதவோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அதட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் டாக்டர் வாசலில் நின்று பாராயணத்தைக் கேட்டார். "பரவாயில்லையே சிஸ்டர், பிரமாதமா சொல்றாங்களே. அந்தக் கதவோரம் இருக்கறது யாரு?"

"தொண்டூர் சார். அது தேறாது" என்றேன். முனியம்மாள் காதில் விழும் தூரத்தில்தான் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது.

3. முந்தானை

பரீட்சைக்கு முன்னால் ஒவ்வொருவரும் நான் பக்கத்தில் நிற்க ஒரு பிரசவம் பார்க்க வேண்டும். சவரியம்மாளுக்குத்தான் முதலில் வாய்த்தது. அவலூர்பேட்டை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு விவசாயி வீடு. தலைப்பிரசவம். காலை பத்து மணிக்குள் பெண் குழந்தை பிறந்து வீறிட்டு அழுதது. அதுவரை சவரியம்மாள் செய்தது அத்தனையும் சரி. நான் பெருமையோடு நின்றுகொண்டிருந்தேன்.

கொதித்த பாத்திரத்திலிருந்து பிளேடை எடுத்தார். "இருபது நிமிஷம் தளதளவென்று" என்று வாய் முணுமுணுத்தது. அப்படியே அதைத் தன் முந்தானையில் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை துடைத்துவிட்டுத் தொப்புள்கொடியிடம் கொண்டுபோனார்.

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இன்னா நர்சம்மா? இருபது நிமிஷம் ஆயிடுச்சே?"

"எதுக்குத் தொடைச்சீங்க?"

"ஈரத்தோடவா பச்சப்புள்ள மேல வெக்கிறது? சீதளம் புடிச்சிக்காது?" என்றார். இதுகூடத் தெரியாத நர்ஸா என்று முகத்தில் எழுதியிருந்தது.

மறுபடியும் அடுப்பில் ஏற்றினோம். கொடியில் துடிப்பு நின்றுவிட்டால் அறுக்கத் தாமதமாவதால் கெடுதல் இல்லை. ஆனால் அதை மாமியார்க்காரியிடம் யார் சொல்வது? "கொடிய அறுக்காம அடுப்பப் பாத்துகினு நிக்கிறாளுங்க. கவர்மெண்ட் ஆளுங்கள உள்ள உடாதீங்கன்னு தலபாடா அடிச்சிகினேன்" என்று இருபது நிமிஷமும் திட்டினாள். குழந்தையைத் துணியில் சுற்றித் தாயோடு அணைத்துப் பிடித்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். பிறகு சவரியம்மாள் துடைக்காமல் அறுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். துடைக்கக் கூடாது என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் ஆஸ்பத்திரியில் யாரும் முந்தானையில் துடைப்பதில்லை. சவரியம்மாள் என் பாடத்தில் ஒரு சொல்லையும் விடவில்லை. பாராயணத்தில் முதல் ஆளே இப்படி என்றால், கதவோரத்து முனியம்மாள் என்ன செய்வாள்?

4. தொண்டூரில் பார்த்தது

அதே வாரம் தொண்டூரிலிருந்து ஆள் வந்தது. நான் போய்ச் சேரும்போது முனியம்மாள் கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை, வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு, முழங்கை. ஒரு பெண்ணைச் செம்பால் தண்ணீர் ஊற்றச் சொல்லி, கையை மேலே தூக்கி, தண்ணீரை முழங்கை வழியாக ஒழுகவிட்டாள். எதையும் தொடாமல் இரண்டு கையையும் முன்னால் ஏந்திக்கொண்டு உள்ளே போனாள். பிளேடை எடுத்தாள், உதறினாள், துடைக்கவில்லை. நூல் கட்டிய இடைவெளிகூட நான் வகுப்பில் ஒரே ஒரு தடவை கயிற்றில் கட்டிக் காட்டிய அதே அளவு. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

இதில் ஒரு வேடிக்கை. கை கழுவுவதற்கு முன்னால் அவள் தன் இடது தோளை ஒரு தடவை தொட்டுக்கொண்டாளாம், தண்ணீர் ஊற்றிய பெண் அதையும் சொன்னாள். நர்ஸுகள் உடையில் குத்திக்கொள்ளும் கடிகாரத்தை நான் இடது தோளில்தான் குத்தியிருப்பேன். வேலை தொடங்கும் முன் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

"தோளை எதுக்கு முனிம்மா தொட்டே?"

"நீ தொடுவியே. எதுக்குன்னு தெரியல. நானும் தொட்டுக்கினேன்."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இவ்ளோ தெரிஞ்சி வச்சிகினு வகுப்புல ஏன் வாயத் தொறக்கல?"

"நீ கேட்டா பயத்துல எல்லாம் மறந்து பூடுது, நர்சம்மா. பேசாம பாத்தாதான் மனசுல நிக்குது."

நான் வாயால் நடத்தியதை விட்டுவிட்டு, கையால் நடத்தியதை மட்டும் அவள் படித்திருந்தாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

5. அடுப்புக்கரி

மறுநாள் கரும்பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அடுப்புக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து எல்லார் உள்ளங்கையிலும் தடவினேன். புடவைத் தலைப்பிலும் கொஞ்சம் தடவினேன், அதற்கு நன்றாக வசவும் வாங்கினேன். தொப்புள்கொடிக்குப் பூசணி இலைக் காம்பு, குழந்தைக்குத் துணிப்பொம்மை. "இந்தக் கரிதான் கிருமின்னு வச்சிக்குங்க. இப்ப எப்பவும் போலக் கட்டி அறுங்க."

பொம்மையெல்லாம் கறுத்தது. சவரியம்மாள் கையைச் சுத்தமாகத்தான் கழுவினார். பழக்கம் விடவில்லை, பிளேடைத் தலைப்பில் துடைத்தார். காம்பு அறுபட்ட இடத்தில் கறுப்பாக ஒரு வளையம் விழுந்தது. அந்த வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"முப்பது வருசமா புள்ள எடுக்கிறேன். ஏழாம் நாளு ஜன்னி வந்து போன புள்ளைங்க இருக்குதுங்க. ஆண்டவர் சித்தம்னு சொல்லிட்டு வந்தேன். அது என் முந்தானையாலயா, நர்சம்மா?"

"தெரியலம்மா. இனிமே ஆவாம பாத்துக்கலாம்" என்றேன். அவர் அழுதார். பக்கத்தில் இருந்த முனியம்மாள் தன் கரிக்கையோடு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

6. பரீட்சை

டாக்டரிடம் போய்ப் பரீட்சையைச் செய்முறையாக வைக்கச் சொன்னேன்.

"ஃபாரத்துல ஓரல்னு, வாய்க்கேள்விக்கு ஒரு கட்டம் இருக்குது சிஸ்டர். அதை நான் காலியா விட முடியாது" என்றார். ரொம்ப நேரம் வாதாடிய பிறகு இரண்டையும் வைக்க ஒப்புக்கொண்டார். ஆனால் ஓரலில் தேறாதவருக்குப் பெட்டி இல்லை என்பதில் மட்டும் அசையவில்லை.

ஓரலில் ஏழு பேர் தேறினார்கள். முனியம்மாளிடம் மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் தலை குனிந்தே இருந்தது. ஃபாரத்தில் எழுதப்போன டாக்டரிடம், "செய்முறை முடியட்டும் சார்" என்று ஏறக்குறையப் பேனாவைப் பிடித்துவிட்டேன்.

செய்முறையை முதலில் தானே செய்து காட்டுவதாக டாக்டர் சொன்னார். நல்ல மனுஷன், கரியைத் தடவிக்கொள்ளக் கூச்சப்படவில்லை. கரிக்கையால் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு சோப்புப் போட்டு முழங்கைவரை அழகாகக் கழுவினார். குனிந்தபோது கண்ணாடி வழுக்கியது. விரலால் மேலே தள்ளிவிட்டுப் பிளேடை எடுக்கக் கை நீட்டினார்.

"அய்யா, தொடாதீங்க."

யார் குரல் என்று முதலில் எனக்கே தெரியவில்லை. முனியம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணாடியத் தொட்டுட்டீங்க. வெரல்ல கரி இருக்குது. மறுபடியும் கழுவிகினு வாங்க."

மற்ற ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வேலை போய்விடும் என்று தோன்றியது. டாக்டர் விரலைத் திருப்பிப் பார்த்தார். குழாயடிக்குப் போய், இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கழுவினார். வந்து உட்கார்ந்து ஃபாரத்தை எடுத்து, முனியம்மாள் பெயருக்கு நேரே ஓரல் கட்டத்தில் 'தேறினார்' என்று எழுதினார்.

"வாயைத் தொறந்து சரியாச் சொல்லிட்டாங்களே, சிஸ்டர்" என்றார். அதுவரை அந்தப் பெண்களை 'நீ', 'அது' என்றே பேசிக்கொண்டிருந்தவர். செய்முறையிலும் எல்லாரும் தேறினார்கள், எட்டுப் பெட்டியும் அன்றைக்கே கொடுத்தோம். எனக்கிருந்த சந்தோஷத்தில் அன்று மதியம் சாப்பிடவே மறந்துவிட்டேன்.

அடுத்தடுத்த டிரெய்னிங்குகளில் சவரியம்மாளையும் முனியம்மாளையும் சேர்த்து வரவழைத்தேன். ஒருவர் பாடம் சொல்வார், மற்றவர் செய்து காட்டுவார். சில பெண்கள் அந்தப் பாராயணத்தைப் பிடித்துக்கொண்டு கற்றார்கள், சிலர் அந்தக் கையைப் பார்த்து. இரண்டும் ஏறாதவர்களுக்குக் கரி இருந்தது. நோட்டையும் நான் தூக்கி எறியவில்லை. சவரியம்மாள் சொல்லச் சொல்ல, 'ஈரமாகவே அறுக்க வேண்டும்' என்று ஒரு புதுக் கேள்வி-பதில் எழுதிச் சேர்த்தேன்.

சவரியம்மாள் வேறொரு பழக்கமும் வைத்துக்கொண்டார். தான் எடுத்த குழந்தைக்கு, ஜன்னி வரும் ஏழாம் நாள் கழிந்து எட்டு நாள் ஆனதும் நடந்தே வந்து எங்கள் வாசலில் நிற்பார். "எட்டாம் நாளு தாண்டிடுச்சு, நர்சம்மா. நல்லா பால் குடிக்குது" என்பார். அவ்வளவுதான், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். நான் அங்கே இருந்தவரை ஒவ்வொரு குழந்தைக்கும் தவறாமல் வந்தார்.

எந்த முறையில் சொல்லிக்கொடுத்தால் நன்றாகக் கற்றுக்கொள்வார்கள் என்று இன்றைய நர்ஸுகள் என்னைக் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு முறை என்றுதான் எனக்குத் தெரியும். நீங்கள் எடுத்த பாடம் ஏறியதா என்று தெரிய வேண்டுமானால் வகுப்பில் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். எட்டாம் நாள் அந்த வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பாருங்கள்.