சூட்கேஸ் ஜிப் மூட மாட்டேங்குது

பழைய பேருந்து நிலையத்துச் சந்தில் 'ஜிப் அக்கா' என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். வாய் பிளந்த பை எதுவானாலும் அவளுடைய சின்னக் குறடு இரண்டு அழுத்து அழுத்தினால் கப்சிப். ஆனால் நிலையத்தையே ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். பயணிகளோடு பைகளும் போயின. மாதக் கடைசிக்குள் ஆள் வராவிட்டால் கடையைக் காலி செய்துவிட்டுப் பை கம்பெனியில் வேலைக்குச் சேர்வது என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

தம்பி இணையத்தில் கடைக்கு ஒரு பக்கம் போட்டுக் கொடுத்திருந்தான். கணவர் தினமும் கண் விழித்ததும் போனில் 'பை ரிப்பேர்' என்று தேடுவார்.

"பாரு, நாமதான் முதல்ல வர்றோம்!"

முதலில்தான் வந்தது. தம்பி போனிலும் அப்படியே. ஆனால் கடைக்கு மட்டும் ஈ, காக்காகூட வரவில்லை. ஒருநாள் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் தன் போனில் தேடிப் பார்த்தார். எவ்வளவு தள்ளினாலும் அக்கா கடையைக் காணோம்!

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "நாம தினமும் அதையே தேடி அதையே அமுக்கறோம்ல? நம்ம போன் நமக்குப் பிடிச்சதைக் காட்டுதுக்கா!"

குடும்பமே கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டிருந்திருக்கிறது!

"பொதுவா 'பை'ன்னு தேடினா பெரிய கம்பெனிங்கதான் வரும். நாம நீளமா, குறிப்பா எழுதணும். லாங்-டெயில் கீவேர்டுன்னு சொல்வாங்க. அப்படித் தேடறது கொஞ்சம் பேர்தான், ஆனா வந்தா நம்மகிட்டதான் வருவாங்க" என்றவன், 'தரமான பயணப்பை ஜிப் பழுதுபார்ப்புச் சேவை' என்று தட்டினான்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "யாருடா அப்படிப் பேசறா? பதறிப்போய் ஓடி வர்றவங்க என்ன சொல்வாங்க தெரியுமா? எழுது! 'நாளைக்கு ஊருக்குப் போகணும், சூட்கேஸ் ஜிப் மூட மாட்டேங்குது.' 'ஜிப் ஓடுது, ஆனா பின்னாலயே திறந்துக்குது.' 'ஸ்கூல் பேக் ஜிப் துணியைக் கடிச்சுக்கிச்சு.'"

காதில் தேங்கிக் கிடந்த புலம்பலெல்லாம் மடை திறந்தது. தம்பியின் விரல் ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. ஒவ்வொரு புலம்பலும் ஒரு தலைப்பு, அதன் கீழே அவள் சொன்ன வைத்தியம், கடை முகவரி, போன் எண். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் போன் வாயே திறக்கவில்லை. மாதக் கடைசியும் வந்தது. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைச் சாவியைக் கட்டிட உரிமையாளரிடம் ஒப்படைக்கக் கிளம்பினார். அவள் குறடைத் துணியில் சுற்றினாள். கண் கலங்கியது.

அப்போது போன் அடித்தது. புது எண்.

"ஏங்க, நாளைக்கு ஊருக்குப் போகணும், சூட்கேஸ் ஜிப் மூட மாட்டேங்குது..."

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "எங்க கடை எப்படித் தெரிஞ்சுது?"

"இதையேதாங்க போன்ல தேடினேன். உங்க கடைதான் வந்துச்சு. எங்க பக்கத்து வீட்டுக்காரங்க பையும் எடுத்துட்டு வரலாமா?"

"எல்லாத்தையும் கொண்டு வாங்க! கொஞ்சம் லைன்லயே இருங்க!"

செருப்பைக்கூடப் போடாமல், போனைக் காதில் வைத்தபடியே சந்தில் பாய்ந்தாள். தெருமுனையில் கணவரின் முதுகு தெரிந்தது.

"ஏங்க! சாவியைக் கொடுத்துடாதீங்க! ஆள் வந்தாச்சு!"

போனுக்குள் அந்த ஆள் பயந்துபோய்க் கேட்டார்: "அக்கா, கடை இருக்குல்ல?"

"இருக்குங்க!" என்று மூச்சிரைக்கக் கத்தினாள் ஜிப் அக்கா. "இருக்கு! இருக்கு!"