சார் சொன்ன வெள்ளைக் களிம்பு

காப்பார் என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கலவை ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் துத்தநாக ஆக்சைடோடு காலம் கழித்தவன் நான். அது மாவைப் போன்ற வெள்ளைத் தூள், தண்ணீரில் கரையாது. சூடாக்கினால் மஞ்சளாகும், ஆறினால் மறுபடி வெள்ளை. அது சேர்ந்தால்தான் ரப்பர் பால் உறுதியான கையுறையாகும். என் சட்டையில் ஒட்டிவந்த தூளை என் மனைவி திட்டிக்கொண்டே துவைத்தாள். அது என்னவென்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

போன மாதம் அதையே டியூபில் காசு கொடுத்து வாங்கிவந்தாள். அவள் கன்னங்களில் மங்கு படர்ந்திருந்தது. வெயில் தாக்காமலிருக்க இந்தக் களிம்பைப் பூசும்படி, கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பின் காலைநடைக் குழுவை நடத்துபவர் சொன்னாராம். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். தலைமுடி இன்னும் முழுதாக இருக்கிறது. நான் இரண்டு தோசை தின்று முடிப்பதற்குள் 'சார் சொன்னாரு' என்று ஐந்து முறை சொல்லிவிட்டாள்.

டியூபைத் திருப்பிப் படித்தேன். இருபது விழுக்காடு ஸிங்க் ஆக்சைடு. குழந்தைகளுக்கு நாப்பி கட்டிப் புண்ணாகும் இடத்தில் பூசுவதும் இதுதான், கலமைன் லோஷனில் இருப்பதும் இதுதான், பல் டாக்டர் குழியைத் தற்காலிகமாக அடைப்பதும் இதைக் கொண்டுதான் என்று எடுத்துச் சொன்னேன். அவள் டியூபை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நடைக்குக் கிளம்பும்போது பார்த்தால் முகமெல்லாம் திட்டுத் திட்டாக வெள்ளை.

"சார் நல்லா அழுத்தித் தேய்க்கச் சொன்னாரு," என்றாள். இது ஆறாவது.

அழுத்தித் தேய்த்தால் திரளத்தான் செய்யும். தொழிற்சாலையில் அதைத் தண்ணீரோடு சேர்த்து உருளையில் மணிக்கணக்காக அரைப்போம். கட்டி தங்கினால் கையுறையில் ஓட்டை விழும். முகத்தைக் கழுவிவரச் சொல்லி, நானே புள்ளி வைத்தேன். நெற்றியில் ஐந்து, கன்னத்துக்கு ஏழேழு, மூக்கில் இரண்டு. விரல் நுனியால் தட்டித் தட்டிப் பரப்பினேன். திட்டு இல்லை, ஆனால் லேசான வெள்ளை தங்கியது. தங்கட்டும் என்று விட்டேன். அவர் பார்ப்பதற்கு அவளை அழகாக்கி அனுப்ப எனக்கு என்ன தலையெழுத்து?

அடுத்த நாள் காலை அவரே எங்கள் வாசல் கேட்டில் வந்து நின்றார். கையில் அதே டியூப்.

"அண்ணே, எனக்கும் எப்படின்னு காட்டுங்க லா. நேத்து அக்கா எல்லார்கிட்டயும் சொன்னாங்க, இந்த விசயத்துல எங்க வீட்டுக்காரரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு."

உட்காரச் சொல்லி, அவர் நெற்றியில் முதல் புள்ளியை வைத்தேன். வேறொருவனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் ஒருமுறையும் சொல்லாத வாக்கியம் அது. அதையும் இந்த மனிதர்தான் முதலில் கேட்டிருக்கிறார்.