சுடலைமுத்து இங்கிலீஷில் சொன்ன ஆறு வாக்கியங்கள்

1. விசாரணை அறை

அன்று அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: லேபர் ஆபீசர், பேக்டரி மேனேஜர், டைப்பிஸ்ட், கால் முறிந்த சுடலைமுத்து அண்ணாச்சி, அவருக்குத் துணையாக நான். வராதவர் சூப்பர்வைசர். லீவில் இருந்தார். அவர் எழுதிக்கொடுத்த ஒரு பக்க ரிப்போர்ட் மட்டும் மேஜையில் கிடந்தது. துணைக்கு வந்தவன் பக்கத்தில் உட்காரலாம், கேட்காமல் பேசக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

பம்பாய் செம்பூரில் ஒரு பெயிண்ட் பேக்டரி அது. நான் ஸ்டோர்ஸில் கிளார்க். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அண்ணாச்சி குடோனில் ஹெல்பர். இரண்டு பேருக்கும் வீடு தாராவி. மூன்று மாதம் முன்பு ஏணி சறுக்கி விழுந்ததில் அவருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இனி சுமை தூக்க முடியாது. ஸ்டோர்ஸ் ஜன்னலில் உட்கார்ந்து, டோக்கன் வாங்கிக்கொண்டு சாமான் கொடுக்கிற வேலை ஒன்று காலியாக இருந்தது. விபத்து யார் தப்பு என்று முடிவான பிறகு, அந்த வேலையைக் கொடுப்பதா, கணக்கு முடித்து அனுப்புவதா என்று பார்க்கலாம் என்றார்கள்.

2. சாப்பாட்டு நேர வகுப்பு

அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே நாலு ஹெல்பர்களுக்கு சாப்பாட்டு நேரத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து வந்தேன். புத்தகம் கிடையாது. எதிரில் இருப்பதுதான் பாடம். டின், ரேக், பிரஷ், ஏணி.

"வேர் இஸ் தி டின்?"

"ஆன் தி ரேக்!"

"இப்போ?"

"அண்டர் தி டேபிள்!"

ஆசீர்வாதம் என்று ஒருவர், எதையும் சிரிப்பாக்காமல் விடமாட்டார். "வாத்தியாரே, ஏம் பொஞ்சாதி ஓவர் மீ, நான் அண்டர் ஹெர். சரிதானவே?" என்பார். அண்ணாச்சி மட்டும் சிரிக்கமாட்டார். டின் மூடியில் சாக்பீஸால் எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "ஐ ஆம் ஆன் தி காட். தி ஃபேன் இஸ் ஓவர் மீ" என்று நர்ஸிடம் சொல்லிக் காட்டினாராம்.

விசாரணைக்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணாச்சி, மேனேஜரும் இருப்பாரு. இங்கிலீஷ்லயே சொல்லிருங்க. டோக்கன் வேலைக்கு இவரு போதும்னு அவருக்கே தெரிஞ்சிரும்" என்றேன்.

"வாய் கொளறிருமோ தம்பி?"

"ஒரு தப்பும் வராது. நா பக்கத்துலதான இருக்கேன்."

அவர் மனைவி செல்லக்கனி அக்கா, "இந்தியிலயே சொல்லட்டுமேப்பா. அதுல நல்லா ஏசக்கூடச் செய்வாவளே" என்றார். நான்தான் கேட்கவில்லை.

3. ஆறு வாக்கியங்கள்

லேபர் ஆபீசர் நல்ல மாதிரிதான் ஆரம்பித்தார், இந்தியிலேயே பேசலாம், பரவாயில்லை என்று. "ஹிந்தி மே போலோ, கோயி பாத் நஹி."

"இங்கிலீஷ், சார்" என்றார் அண்ணாச்சி. மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"தி ஆயில் வாஸ் ஆன் தி ஃப்ளோர். தி லேடர் வாஸ் ஆன் தி ஆயில். ஐ வாஸ் ஆன் தி லேடர். தி டின் வாஸ் இன் மை ஹேண்ட். ஐ ஃபெல். தி டின் ஃபெல் ஆன் மை லெக்."

நான் மேஜைக்கடியில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறும் சரி. ஒரு 'ஆன்' இடம் மாறவில்லை, ஒரு 'இன்' விட்டுப்போகவில்லை.

ஆபீசர் அவருக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "யூ சா தி ஆயில்?"

"யெஸ் சார்."

"அண்ட் யூ வெண்ட் அப்?"

"யெஸ் சார்."

அதற்குமேல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. என்னைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது, இது போதும் என்று நான் தலையாட்டினேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

டைப் அடித்த தாளில் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டார்.

4. வெளியே

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார வைத்து, "பிரமாதம் அண்ணாச்சி" என்றேன். அவர் டீயைத் தொடவில்லை.

"எண்ணெ கெடக்குன்னு நான் அந்த சூப்பர்வைசர்ட்ட சொன்னம்லா தம்பி. ஏணிக்கு ரப்பர் இல்லன்னும் சொன்னேன். 'லாரி நிக்கி, ஏறுதியா, இல்ல ஹாஜிரிய வெட்டவா'ன்னு கேட்டான். ஹாஜிரி போனா ஒரு நாள் சம்பளம்லா. ஏறுனேன். அதச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். சொன்னேன், கேக்கல, வெரட்டுனான். இதுக்கெல்லாம் நீ வார்த்த தரலியே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் சொன்னதையெல்லாம் மூன்று பக்கம் இங்கிலீஷில் எழுதிக்கொண்டு மறுநாள் ஆபீசரிடம் போனேன். அவர் டைப் அடித்த தாளை என் பக்கம் திருப்பிவைத்தார். எண்ணெயைப் பார்த்தேன், பார்த்தும் ஏறினேன் என்று அந்த ஆளே சொல்லியிருக்கிறார், சூப்பர்வைசர் பெயரையே எடுக்கவில்லை என்றார். பிறகு, "நீதான் அவருக்கு டீச்சரா?" என்று கேட்டார்.

"யெஸ் சார்."

"குட் டீச்சிங்" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே பாராட்டினார்.

'சொந்த அஜாக்கிரதை' என்று முடிவானது. டோக்கன் வேலைக்கு வேறு ஆள் வந்தான்.

5. வகுப்பு எடுக்கப்போகிறவர்களுக்கு

நம் தெருவில் இப்போது இங்கிலீஷ் வகுப்பு தொடங்குகிறீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன். டின் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை அங்கே யார் வைக்கச் சொன்னது, வேண்டாம் என்று யார் சொன்னது என்பதற்கும் முதல் வாரமே வார்த்தை கொடுங்கள். 'எனக்குப் புரியவில்லை', 'தமிழில் கேளுங்கள்' என்பதை அதற்கும் முன்னால் கொடுங்கள். பிழைப்பு சம்பந்தப்பட்ட இடத்தில், அவர்களுக்கு எந்தப் பாஷையில் சண்டை போட வருமோ அதிலேயே பேசச் சொல்லுங்கள். தப்பில்லாமல் பேசுகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா ஆஸ்பத்திரிக் கடனுக்காகத் தாராவியில் இருந்த ஒற்றை அறை வீட்டை விற்றார். அவர்கள் உல்லாஸ்நகரில் வாடகைக்குப் போனார்கள். வைத்தியம், வட்டி, அவசரத்தில் வீட்டை விலை குறைத்து விற்றது எல்லாம் சேர்த்து, கம்பெனி கொடுத்து அனுப்பியதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அந்த ஆறு வாக்கியங்களுக்கு அவர்கள் கொடுத்த விலை, அன்றைய கணக்கில், பதினாலாயிரத்து இருநூறு ரூபாய்.